பஸ்ஸே வந்து திறந்து வைத்த நிழற்குடை

கல்லில் என் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு காலத்தில் வெறி இருந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. குன்னூரில் நான் பெயின்ட் கடை வைத்திருந்தேன். ஊரில் யார் பெயர் எந்தக் கல்வெட்டில் ஏறினாலும் அந்தக் கறுப்பு பெயின்ட் என் கடையில் வாங்கியதாகத்தான் இருக்கும். அடுத்தவன் பெயருக்கே பதினைந்து வருஷமாக டப்பா திறந்து கொடுத்துக்கொண்டிருந்தால் எவனுக்குத்தான் ஆசை வராது?

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதே எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவேன். யாராவது ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடித்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். "மத்தவங்களுக்குக் கால்ல சக்கரம்னு சொல்லுவாங்க. உங்களுக்கு மோட்டாரே வச்சிருக்குதுங்க" என்பாள் என் மனைவி ருக்குமணி. பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். பேச்சில் மரியாதை குறையாது, குத்தலும் குறையாது.

ஆசையும் அவசரமும் உள்ள மனிதன் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றுதான்: சேவை கிளப். எண்பதுகளில் எங்கள் ஊரில் ஒன்று இருந்தது. (பெயரைச் சொல்ல மாட்டேன். பழைய உறுப்பினர்கள் சிலர் இன்னும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள்.) உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் 'நேசர்' என்றுதான் அழைக்க வேண்டும். நேசர் டாக்டர், நேசர் வக்கீல், நேசர் எஸ்டேட் மேனேஜர். நான் நேசர் பழனிசாமி. வருஷத்துக்கு ஒரு கண் முகாம், பள்ளிக்கூடத்துக்கு நோட்டுப் புத்தகம், அப்புறம் மரக்கன்று நடும் விழா. போன வருஷம் நட்டதைக் காட்டெருமை தின்றுவிட்டிருக்கும் என்பதால் குழி தோண்டும் வேலை மிச்சம்.

வருஷக் கடைசியில் 'ஆண்டின் சிறந்த நேசர்' என்று ஒரு கேடயம் கொடுப்பார்கள். மூன்று வருஷமாக நான் அதற்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வருஷமும் எனக்குக் கிடைத்தது 'நூறு சதவீத வருகை'க்கான சான்றிதழ். இந்த ஆள் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் தவறாமல் வந்தார் என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது. முதல் சான்றிதழை ருக்குமணி ஹாலில் மாட்டினாள். இரண்டாவதை உள்ளறையில் மாட்டினாள். மூன்றாவதை அரிசி டின்னுக்கு மூடியாக வைத்துவிட்டாள்.

நாலாவது வருஷம் தலைவராக வந்த டாக்டர் கூட்டத்தில் விஷயத்தை உடைத்துச் சொன்னார். கேடயம் வேண்டுமென்றால் நிரந்தரத் திட்டம் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து மண்டலத் தலைவர் மலையேறி வந்து, அதைப் பார்த்து, திருப்திப்பட்டு, அன்று சாயங்கால விழாவிலேயே பெயரை அறிவிப்பார்.

அந்த மாதம்தான் கோத்தகிரி ரோட்டில் அரவேணுவைத் தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் மருத்துவ முகாம் நடந்தது. கொழுந்து பறிக்கும் செல்லாயி, சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், டாக்டர் கொடுத்த டானிக் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "மருந்து இருக்கட்டுங்கய்யா. பஸ்ஸுக்கு நிக்கிற எடத்துல மழைக்கு ஒதுங்க ஒரு கூரை இல்ல. புள்ளத்தாச்சிகூட நனைஞ்சுக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகுது. அது ஒண்ணு கட்டிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். "கட்டிட்டோம்னு வச்சுக்கங்கம்மா!" என்றேன்.

ஆசை நல்ல ஆசைதான். கெடுத்தது நான் தேர்ந்தெடுத்த இடம்.

செல்லாயியும் மற்றவர்களும் பஸ் ஏறுகிற இடம், கொழுந்து எடை போடுகிற சமதளம். ரோடு அங்கே மட்டும் கொஞ்சம் தட்டையாகப் போகும். ஆனால் சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள். அங்கே தாஜ்மஹாலையே கட்டினாலும் காரில் போகிறவன் கண்ணில் படாது. அதற்கு ஒரு ஃபர்லாங் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் மண்டலத் தலைவரின் கார் அந்த வளைவில் திரும்பியதும் நேர் எதிரே தெரிகிற மாதிரி ஒரு சின்னத் திட்டு. நான் வளைவின் கீழே நின்று பார்த்தேன், கார் போல ஓடி ஏறிப் பார்த்தேன், மறுபடி இறங்கிப் பார்த்தேன். அந்தத் திட்டில் என் பெயர் இருப்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

அஸ்திவாரம் தோண்டும்போது செல்லாயி கூடையோடு இறங்கி வந்து பார்த்தார்.

"ஐயா, இங்கன பஸ்ஸு நிப்பாட்ட மாட்டாங்களே. மேலுக்குச் சமனான எடம் இருக்குது தானே, அங்கதான் நிப்பாட்டுவாங்க."

"கட்டுனா நிப்பாட்டுவாங்கம்மா. கோயில் கட்டுனா சாமி வர்றதில்லையா?"

"சாமிக்கு கியர் மாத்துற வேல இல்ல தானேங்கய்யா."

மேஸ்திரி சிரித்தார். நானும் பெரிய மனுஷத்தனமாகச் சிரித்து வைத்தேன். அந்த மேஸ்திரியும் அதையேதான் சொன்னார், செங்கல் இறக்கிய லாரி டிரைவரும் சொன்னார். (அந்த லாரியே அங்கே நிற்பதற்கு நாலு சக்கரத்துக்கும் கல் வைக்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை.) பஸ் நிற்பதற்கு அனுமதி வாங்கவேண்டும் என்றார் டாக்டர். அதற்கு நான் டெப்போவுக்குப் போயிருக்க வேண்டும். அங்கே பெஞ்சில் காத்திருக்கச் சொல்வார்கள், எனக்குத்தான் உட்கார வராதே. டீக்கடையில் ஒரு கண்டக்டரைப் பிடித்துக் கேட்டேன். அவர் வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டே, "பாக்கலாமுங்க" என்றார். பாக்கலாம் என்றால் முடியாது என்று நம் நாட்டில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். நான் டாக்டரிடம் போய் "பேசிட்டேனுங்க" என்றேன்.

மூன்று மாதத்தில் நிழற்குடை எழும்பியது. சிமென்ட் தூண் நாலு, தகரக் கூரை, உட்கார மேடை. நெற்றியில் பளிங்குக் கல்வெட்டு. டாக்டர் பெயர், வக்கீல் பெயர் எல்லாம் மேலே. என் பெயர் கடைசி வரிதான், ஆனால் கல் செதுக்குகிறவரைத் தனியாகப் பார்த்துப் பேசி எழுத்தை மட்டும் கொஞ்சம் தடிமனாக்கிவிட்டேன். பெயின்டும் இரண்டு கோட்டிங்.

திறப்பு விழாவன்று காலையிலிருந்தே தூறல். எங்கள் ஆட்கள் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். செல்லாயியும் பத்துப் பதினைந்து பெண்களும் தலையில் சாக்கு போட்டுக்கொண்டு ரோட்டோரம் வரிசையாக நின்றார்கள். நிழற்குடைக்குள் அவர்களை நிற்க விடவில்லை. ரிப்பன் கட்டியிருந்தது. மழைக்கு ஒதுங்கக் கட்டிய இடத்துக்கு முன்னால் அவர்களை மழையில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. இன்று அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நிகழ்ச்சி நிரல் என் மூளையில் உதித்தது. மண்டலத் தலைவர் ரிப்பன் வெட்டுவார். சரியாகப் பதினோரு மணி பஸ் முதன்முதலாக அங்கே வந்து நிற்கும். தலைவர் டிரைவருக்கு மாலை போடுவார். பிறகு அந்த பஸ்ஸிலேயே ஏறி அடுத்த ஸ்டாப் வரை மக்களோடு மக்களாகப் பயணம் செய்வார். அவர் கால் சேற்றில் படக்கூடாது என்று பஸ் நிற்கும் இடத்தில் ரோட்டிலேயே ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்தேன். அது ருக்குமணிக்கு அவள் அம்மா வீட்டில் சீராகக் கொடுத்தது. அவளிடம் சொல்லாமல் எடுத்துவந்தேன். கூட்டத்தில் நின்ற அவள் அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அது எப்போதுமே நல்ல சகுனம் அல்ல.

மண்டலத் தலைவர் வந்தார். சஃபாரி சூட் போட்ட கனத்த மனிதர், என்னைப் போலவே பொறுமை இல்லாதவர். ரிப்பன் வெட்டினார். கல்வெட்டைப் படித்தார். "யாரு நேசர் பழனிசாமி?" என்றார். (அந்தத் தடிமன் வேலை செய்தது!) நான் முன்னால் வந்து நின்றேன். தோளில் தட்டினார். கேடயம் கிட்டத்தட்ட என் கக்கத்தில் வந்துவிட்டது.

பதினோரு மணி பஸ் வளைவில் திரும்பியது. உறுமிக்கொண்டு முதல் கியரில் ஏறியது. மண்டலத் தலைவர் மாலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். நாங்கள் கை தட்டினோம். பஸ் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. ஜன்னலில் இருந்த குழந்தைகள் டாட்டா காட்டின. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "மேட்டுல நிப்பாட்டுனா எடுக்க முடியாதுங்க!" என்று கத்திவிட்டுப் போனார். ஒரு ஃபர்லாங் மேலே, சமதளத்தில், வழக்கம்போல நிறுத்தி, வழக்கம்போல ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மண்டலத் தலைவர் இன்னும் மாலையைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"நேசர் பழனிசாமி, இங்க பஸ் நிக்குமா நிக்காதா?"

"நிக்குமுங்க! இவரு புது டிரைவருங்க. அடுத்த பஸ் கண்டிப்பா நிக்குமுங்க!"

அடுத்த பஸ் முக்கால் மணி நேரம் கழித்து. அந்த முக்கால் மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். போண்டா கொடுத்தேன். போண்டா சாப்பிட்டார்களா என்று கேட்டேன். வளைவுக்கு இறங்கினேன், ஏறினேன். மண்டலத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நானும் என் கடிகாரத்தைப் பார்த்தேன், அவருக்குத் துணையாக. டாக்டர் என் காதருகில் வந்து, "போதும்ப்பா, கிளம்பிடலாம். சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார். அங்கே விட்டிருந்தால் ஒரு சின்ன அவமானத்தோடு போயிருக்கும். ஆனால் கல்வெட்டைத் திரும்பிப் பார்த்தேன். தூறலில் நனைந்து என் பெயர் மட்டும் பளபளவென்று இருந்தது.

கீழே பஸ் சத்தம் கேட்டது. போண்டா வைத்திருந்த மேஜை மேல் சிவப்புத் துணி ஒன்று விரித்திருந்தது. அதை உருவிக்கொண்டு ஓடிப்போய் நடு ரோட்டில் நின்று இரண்டு கையாலும் வீசினேன்.

மழைக்காலத்தில் மலை ரோட்டில் ஒருவன் சிவப்புத் துணி வீசினால் எந்த டிரைவரும் நிற்பார். இவரும் நின்றார். நிழற்குடையைத் தாண்டிப் பத்தடி தள்ளி, செங்குத்தான மேட்டில், பின் சக்கரம் ஜமுக்காளத்தின் மேல்.

"மண்ணு சரிஞ்சிருச்சுங்களா?" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து குரல்கள்.

"இல்லீங்க! திறப்பு விழாங்க!" என்றேன்.

டிரைவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதினால் இந்தப் பத்திரிகையை யாரும் நடத்த முடியாது. காலை பிரேக்கில் அழுத்தி வைத்துக்கொண்டு, "கட்டை வையி!" என்று கண்டக்டரிடம் கத்தினார். மலை பஸ்களில் அப்போதெல்லாம் ஒரு மரக்கட்டை இருக்கும். மேட்டில் நின்றால் கண்டக்டர் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குப் பின்னால் அதை வைப்பார். அவர் வைத்தார். வைத்தது ஜமுக்காளத்தின் மேல். நனைந்த ஜமுக்காளம், அதற்குக் கீழே நனைந்த தார்.

இந்த நேரம் பார்த்து நான் மண்டலத் தலைவரை டிரைவர் ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டிருந்தேன். "போடுங்க தலைவரே, போடுங்க!"

"மாலை அப்பறம் போடுங்க சார்! கட்டை சரியா வச்சாச்சான்னு கேளுங்க!" என்று டிரைவர் கெஞ்சினார். மண்டலத் தலைவர் தயங்கினார். எனக்குத்தான் தயக்கம் தெரியாதே. அவர் கையிலிருந்த மாலையை நானே வாங்கி, எட்டி, ஜன்னல் வழியாக டிரைவர் தலையில் போட்டேன். கழுத்துக்கு இறங்க வேண்டிய சாமந்தி மாலை கண்ணோடு நின்றுவிட்டது. அவர் இரண்டு கையாலும் அதைப் பிய்த்து எறிந்தார். அந்த இழுப்பில் கால் ஒரு நொடி பிரேக்கை விட்டு வந்திருக்க வேண்டும்.

பஸ் பின்னால் போக ஆரம்பித்தது. வேகமாக அல்ல, கல்யாண ஊர்வலம் நகர்கிற வேகத்தில். கட்டையும் ஜமுக்காளமும் சக்கரத்தோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்தன. கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே கூட நடந்தார். நல்ல வேளையாக எல்லோரும் மாலை போடுவதைப் பார்க்க ரோட்டின் மறுபக்கம், டிரைவர் ஜன்னல் பக்கம் வந்திருந்தோம். டிரைவர் ஸ்டீயரிங்கை ஒடித்து, பள்ளத்துக்குப் போகாமல், பஸ்ஸை மலைப் பக்கமாகத் திருப்பினார். பெரிய திறமைசாலி, இல்லாவிட்டால் நான் இன்று இதைச் சிரித்துக்கொண்டு எழுத மாட்டேன். மலைப் பக்கத்தில் பஸ்ஸைத் தாங்கிப் பிடிக்க ஒன்று தேவைப்பட்டது. அங்கே இருந்தது என் நிழற்குடை.

மடமடவென்று இரண்டு தூண் முறிந்தது. தகரம் பஸ்ஸின் முதுகில் சாய்ந்தது. கல்வெட்டு கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. பஸ் நின்றுவிட்டது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மழை தகரத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சாக்கு போட்ட வரிசையிலிருந்து செல்லாயி முன்னால் வந்தார். பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும், ஆறுதலாகத்தான் சொன்னார்:

"பரவால்லங்கய்யா. நிப்பாட்டிட்டாங்க தானே."

முதலில் சிரித்தது என் மனைவி. பிறகு டிரைவர். பிறகு மலையே சிரித்தது.

சாயங்கால விழாவுக்கு நான் போவதாக இல்லை. கடைக்குள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டப்பாக்களை அளவு வாரியாக அடுக்கினேன், கலைத்துவிட்டு நிற வாரியாக அடுக்கினேன். ருக்குமணி வந்து ஷட்டரைத் தூக்கினாள்.

"ஏனுங்க, இன்னிக்கு ஒளிஞ்சுக்கிட்டா நாளைக்கு ரோட்டுல எப்படித் தலை நிமிந்து நடப்பீங்க? வாங்க, போய் உக்காந்து வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தரலாம்."

போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மண்டலத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "நான் எத்தனையோ பஸ் ஸ்டாப் திறந்து வச்சிருக்கேன். பஸ்ஸே வந்து திறந்து வச்ச ஸ்டாப்பை இன்னிக்குத்தான் பாத்தேன்." ஹால் அதிர்ந்தது. கேடயம் டாக்டரின் மனைவிக்குப் போனது; வருஷா வருஷம் சத்தமே இல்லாமல் கண் முகாமை நடத்தி வந்தது அவர்தான். நியாயம்தான். அப்புறம் மண்டலத் தலைவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸை மீட்கும் வரை அவர் எடை போடுகிற சமதளத்தில் அந்தப் பெண்களோடுதான் நின்று டீ குடித்திருக்கிறார். "அந்தம்மா அஸ்திவாரம் போடுறன்னிக்கே சொல்லியிருக்காங்க. நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட நின்னு கேக்கல."

அவர் நம்ம ஆளுங்க என்று பன்மையில் சொன்னது பெருந்தன்மை. கேட்காதவன் ஒருவன்தான். அந்தக் கடைசி வரிசையில் எனக்குக் கண் கலங்கியது. கேடயம் போனதற்கு என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். மூன்று மாதம் அந்தப் பெண்கள் அந்த வழியாகத் தினமும் நடந்திருக்கிறார்கள். ஒரு நாள் நின்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

அடுத்த வாரமே வேலை தொடங்கியது. உடையாத செங்கலையும் தகரத்தையும் மேலே தூக்கிக்கொண்டு போய், செல்லாயி கையைக் காட்டிய இடத்தில் கட்டினோம். நானும் செங்கல் சுமந்தேன். கல்வெட்டுக்கு வேறு கல் வாங்கலாமா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. செல்லாயிதான் சொன்னார், "கல்லு என்னத்துக்குங்கய்யா? அந்தக் காசுல இன்னும் ஒரு பெஞ்சு போட்டுக் குடுங்க." போட்டோம். யார் கட்டியது என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. மழை வந்தால் உள்ளே இடம் இருக்கும்.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ருக்குமணி படித்துப் பார்த்துவிட்டு, "முக்கியமானதை விட்டுப்போட்டீங்களே" என்கிறாள். சரி, எழுதுகிறேன்.

பல வருஷம் கழித்து என் பெண்ணுக்கு கோத்தகிரியில் ஒரு சம்பந்தம் வந்தது. பையனின் அப்பா பேக்கரி வைத்திருப்பவர், சாந்தமான மனிதர். பெண் பார்க்க வந்து, காபி குடித்து, எல்லாம் பேசி முடிக்கிற நேரத்தில் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அரவேணுகிட்ட ஒரு நிழற்குடை இடிஞ்சுதுங்களே, அந்த பஸ்ஸுல நானும் இருந்தனுங்க. மடியில பேக்கரிக்கு ஆறு தட்டு முட்டை."

என் பெண் கதவருகில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

"சட்டையெல்லாம் முட்டை வழிய இறங்கி வந்து, இதை யாருங்க கட்டுனதுன்னு ஒருத்தர்கிட்டக் கேட்டனுங்க. அவரு டாக்டரைக் கை காட்டிப்போட்டு, மாமரத்துக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டாருங்க. நான் டாக்டரைத்தான் அரை மணி நேரம் திட்டுனேன்."

அது மாமரம் அல்ல, சில்வர் ஓக். மற்றபடி எல்லாம் உண்மை. யாருக்கும் கீறல் இல்லை என்று மேலே எழுதினேன், முட்டையைப் பற்றி எழுதவில்லை. டாக்டரைப் பற்றியும் எழுதவில்லை.

எழுந்து நின்றேன். "நான்தானுங்க அது. டாக்டர் மேல தப்பில்லீங்க. கட்டுனதும் நான்தான், மாலை போட்டதும் நான்தான்" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு தப்புக்கு நான் என் பெயரை வலியச் சொல்லிக்கொண்டது அன்று ஒரு தடவைதான், அதுவும் பெண்ணின் கல்யாணத்தையே பணயம் வைத்து.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "முட்டைக்கு ஈடா பொண்ணைக் குடுக்குறீங்க, போனாப் போகுதுங்க" என்றார். ஐப்பசியில் கல்யாணம்.

இன்றும் சம்பந்தி வீட்டுக்கு வருவார். எங்கள் வீட்டு வாசல் சரிவு. காரை ரோட்டிலேயே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, தெருவே கேட்கும்படி ஒரே கேள்விதான் கேட்பார்: "சம்பந்தி, இங்கயே நிப்பாட்டட்டுமா, இல்ல ஊட்டுக்குள்ளயே வந்தரட்டுமா?"

உள்ளே ருக்குமணியும் பெண்ணும் பேரப்பிள்ளைகளும் சிரிப்பது கேட்கும். இறங்கிப் போய் அவர் பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்து, இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் "வாங்க" என்கிறேன்.